பேட்டரி போடாத கீபோர்டு

சேக்காடு, ஆவடி
6.7.2025, ஞாயிறு

கோகுல்,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிற முதல் கடிதத்தை எதற்குப் பொய்யில் ஆரம்பிக்க வேண்டும்? கோபம் அப்படியே இருக்கிறது. அதோடுதான் எழுதுகிறேன்.

உன் விலாசத்தை நஜீர் தந்தான். பூந்தமல்லியில் அவன் கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "அட்ரஸ் எய்திக்கோக்கா, நம்பர் மட்டும் கேக்காத. எங்கிட்ட சத்தியம் வாங்கிகினு போய்கிறான்" என்றான். பள்ளிக்கூட நாளில் உனக்கு மவுத் ஆர்கன், கிதார் என்று வீட்டிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு வந்தவன், இப்போது பத்து எண்களைத் தரமாட்டேன் என்கிறான். நல்ல சிநேகிதன்தான். எனக்குத் தபால் பெட்டியே கதி.

விஷயம் நைனாதான். மூன்று வருஷமாக அவருக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, இப்போது என்னை. சில நாள் என்னை அம்மா என்று நினைத்து ராஜம்மா என்று கூப்பிடுகிறார். சில நாள் "யாரும்மா நீ, இன்னா வோணும்?" என்று வாசலில் நிற்கிறவளைக் கேட்பதுபோலக் கேட்கிறார். சாயங்காலமானால் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டை தேடுகிறார். இப்போது சாப்பாடும் இறங்குவதில்லை. தீபாவளி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இதற்காக மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அம்மா செத்ததற்கு இருந்தாய், நைனா சாகும்போது இல்லை என்றால் அது உன் கணக்கு என்று விட்டிருப்பேன். ஆனால் இரண்டு மாதமாக ஒன்று நடக்கிறது. மத்தியானம் இரண்டு மணி ஆனதும் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கிறார். கட்டில் சட்டத்தின்மேல் கையை வைக்கிறார். விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஏறுகின்றன. நடுக்கமில்லை. ஒரே வரிசை, தினமும் அதே வரிசை. நான்கு மணிக்கு நின்றுவிடுகிறது.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஞானம்மாள் என்று ஒரு அம்மா வருகிறாள். தைரியசாலி. அவளே என்னிடம், "யக்கா, எதிர்ல யாரோ குந்திகினு கீற மாரி பாக்குறாரு. எனக்கு இன்னமோ பயமா கீது" என்றாள். நானும் லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எதிரில் வெறும் தரை. அதைத்தான் பார்க்கிறார்.

இரண்டிலிருந்து நாலு வரை என்றால் உனக்கு என்ன நேரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

கார்த்திகா


ராணிகேத்
15.7.2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. நைனாவின் உடம்பு பற்றித் தெரிந்து வருத்தம்.

வர இயலாது. பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை நடக்கிறது. இங்கே நான்தான் இசை ஆசிரியர், பியானோ, வயலின், புல்லாங்குழல் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். லீவு கேட்டால் கிடைக்கும், நான் கேட்கப் போவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒத்திகைமேல் பழி போட வேண்டாம்.

2013இல் நைனாவின் பேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி சேக்காட்டுக்குப் போனபோது நான் வேலூரில் கச்சேரியில் இருந்தேன். பேக்டரி வேலைக்கான பரீட்சையும் அன்றைக்குத்தான், எழுதவில்லை. தப்புதான். திரும்பி வந்து பார்த்தால் கீபோர்டு, வயலின், கிதார், இரண்டு புல்லாங்குழல், ஒன்றுமில்லை. "புது ஊட்ல எடமில்ல. குட்த்துட்டேன்" என்றார். யாரிடம் என்றுகூடச் சொல்லவில்லை. "நான் வாசிக்கிறத ஒரு நாளாவது நீ பாத்துகிறியா நைனா?" என்று கேட்டேன். துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நீயும் கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

விரல் அசைவது நரம்புக் கோளாறாக இருக்கும். மெஷினில் முப்பத்தைந்து வருஷம் வேலை செய்த கை. டாக்டரைக் கேள்.

எந்தக் கை?

கோகுல்நாத்


சேக்காடு
23.7.2025

கோகுல்நாத் சார் அவர்களுக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போடுகிறவருக்கு இப்படித்தானே எழுத வேண்டும். இடது கை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

டாக்டரைக் கேட்டேன், நீ சொல்லித்தான் தெரியணுமா? நரம்புக் கோளாறு என்றால் ஒழுங்கில்லாமல் இழுக்கும், இப்படி வரிசை வைக்காது என்றார். செல்போனில் படம் எடுத்து உனக்குக் காட்டலாம் என்றால் நம்பர் இல்லை. அதனால் நோட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து எழுதினேன். கட்டை விரல் ஒன்று, சுண்டு விரல் ஐந்து என்று வைத்துக்கொள்.

1, 3, 5. கொஞ்சம் நிற்கிறது. 5, 4, 3. மறுபடி 1, 3, 5. பிறகு கை அப்படியே நகர்கிறது. நகர்ந்த இடத்தில் 1, 2, 3, 5, 5. கடைசியில் 4ஐ, மோதிர விரலை, தூக்குகிறார். அது இறங்குவதில்லை. தூக்கியபடியே இருக்கிறது, ஒரு நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும். அப்புறம் ஆரம்பத்திலிருந்து.

நாலு நாள் லீவு போட்டு எழுதிப் பார்த்தேன். நாலு நாளும் இதேதான்.

எனக்கு இதையெல்லாம் எண்ண வரும் என்று உனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போதிருந்து என் வேலையே இதுதானே. நைனா நைட் ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குவார். அம்மா நர்சரிப் பள்ளிக்கு ஆயா வேலைக்குப் போய்விடுவாள். நம் பள்ளிக்கூடத்தில் காலை ஷிப்டு, ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவோம். ஒரே ஹால், ஒரு அடுப்படி. சத்தம் வந்தால் தொலைந்தோம். நீ தரையில் உட்கார்ந்து பேட்டரியைக் கழற்றிய கீபோர்டில் விரலை ஓட்டுவாய். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து நைனா மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அசைந்தால் டம்ளரில் வளையலால் ஒரு தட்டு. நீ எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுவாய். நாலு மணிக்கு அவர் எழுந்திருக்கும்போது இரண்டு பேரும் பாடப் புத்தகத்தோடு இருப்போம்.

வயலினுக்கு வில்லில் ரோசனப் பிசின் தடவாமல் இழுத்தால் சத்தம் வராது என்று நீ கண்டுபிடித்த அன்றைக்குக் குதித்தாயே. சத்தம் வராததற்குக் குதித்த ஒரே வித்துவான் நீதான்.

நீ ஐந்து வாத்தியம் கற்றுக்கொண்டாய். நான் தூங்குகிற ஒருத்தர் முகத்தைக் கற்றுக்கொண்டேன். இதை உன்னைக் குத்துவதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த எண்களை வாசித்துப் பார். என்னவென்று சொல். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கார்த்திகா


ராணிகேத்
1.8.2025

அக்கா,

வாசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில், இடது கையால், பத்துப் பதினைந்து சுரங்களிலிருந்து தொடங்கி மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எங்கேயோ இறங்கிப் போகிறது, எதிலும் சேரவில்லை. இதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீ என்னை வரவழைப்பதற்காக எதையோ கட்டுகிறாய் என்று ஒரு எண்ணம் வந்தது. மறைப்பதற்கில்லை. உன்மேல் அவ்வளவு நம்பிக்கைதான் மிச்சம்.

ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. சத்தமில்லாமல் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதியிருந்தாய். அதன் விலை உனக்குத் தெரியாது. மவுத் ஆர்கனை மட்டும் சத்தமில்லாமல் வாசிக்க வழியில்லை. அதனால் ரயில்வே கேட்டில் நின்று, கூட்ஸ் வண்டி போகும்போது மட்டும் ஊதினேன். கடைசிப் பெட்டி போனதும் நிறுத்திவிடுவேன். இன்றைக்கும் மூன்று நிமிஷத்துக்கு மேல் மவுத் ஆர்கன் வாசிக்க மூச்சு வருவதில்லை. புல்லாங்குழலை ஒரு வருஷம் ஊதாமலே கற்றேன், துளைகளில் விரல் வைத்து. பிறகு நஜீர் வீட்டு மாடியில் முதல் முறையாக ஊதினால் வெறும் காற்று. விரல்கள் ஒரு கீர்த்தனை முழுவதையும் வாசித்து முடித்தன, காற்று மட்டும் வந்தது. நஜீர் தரையில் விழுந்து சிரித்தான். கிதாருக்குத் தந்திகளுக்கு அடியில் நைனாவின் பழைய பனியனைத் திணித்தேன். கல்யாண மண்டபங்களில் ஜன்னல் வழியாகக் கச்சேரிக்காரர்களின் கையை மட்டும் பார்த்து வந்து மத்தியானத்தில் ஓட்டிப் பார்ப்பேன். எது சரி, எது தப்பு என்று சொல்லக் காதில்லை. விரலுக்கு எது சுகமோ அது சரி.

இங்கே வந்த புதிதில் பிரின்சிபால் கேட்டார், ஏன் பியானோக் கட்டையைத் தடவிக் கொடுக்கிறீர்கள், அழுத்தி வாசிக்கக் கூடாதா என்று. அழுத்த முடியவில்லை அக்கா. அழுத்தினால் டம்ளர் சத்தம் கேட்கிறது. இந்த மலையில், இருபது வருஷம் கழித்து, பகல் வெளிச்சத்தில், சரியாக ஒரு தட்டு. பிள்ளைகள் எதிரில் இருக்கும்போதே திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

மத்தியான வகுப்புகளைக் காலைக்கு மாற்றிவிட்டேன். காரணம் யாரிடமும் சொல்லவில்லை.

இனி எண்கள் அனுப்ப வேண்டாம். அவருக்கு வலது கை விளங்காமல் போய்விட்டதா? அதை மட்டும் எழுது.

கோகுல்


சேக்காடு
9.8.2025

கோகுல்,

கட்டுகிறேனாம். வேலைக்குப் போய்விட்டு வந்து, அவருக்குத் துடைத்து, ஈரத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, அதற்கப்புறம் உட்கார்ந்து கதை கட்ட எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது பார்.

வலது கைக்கு ஒன்றுமில்லை. அதில்தான் டம்ளர் பிடிக்கிறார், என்னை அடிக்க ஓங்குகிறார். பட்டன் போடுவது வலது கை. மத்தியானம் மட்டும் இடது கை. வலது கையைத் தலைக்கு அடியில் வைத்து வலப்பக்கமாகப் படுக்கிறார், குவார்ட்டர்ஸில் படுப்பாரே அதேபோல. நெற்றியில் துண்டு போடச் சொல்லி ஞானம்மாளிடம் ஜாடை காட்டுகிறாராம். துண்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்.

கை நகர்கிறது என்று எழுதினேனே, எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. அவருக்கு இடது பக்கமாக, கால்மாட்டை நோக்கி.

மோதிர விரலைத் தூக்கியபடி நிற்கும்போது தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குவார்ட்டர்ஸில் அடுப்படி இருந்த பக்கம் கண்ணைத் திருப்புகிறார். இந்த வீட்டில் அந்தப் பக்கம் அடுப்படி இல்லை, சுவர்தான். அந்தச் சமயத்தில் நான் அங்கே நிற்பதில்லை. நிற்கப் பிடிக்கவில்லை.

எண்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். இதற்கு மேல் நான் கெஞ்சப் போவதில்லை.

கார்த்திகா


ராணிகேத்
17.8.2025

அக்கா,

உன் கடிதம் வகுப்புக்கு நடுவில் வந்தது. படித்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

நான் தரையில் கட்டிலைப் பார்த்தபடி உட்காருவேன். அவர் கட்டிலில் என்னைப் பார்த்தபடி படுத்திருப்பார். என் வலது கை அவருக்கு இடது பக்கம். நான் மேல் சுரங்களுக்குப் போகப் போக, என் கை அவருக்கு இடது பக்கமாக நகரும். கண்ணாடியில் பார்த்துச் செய்கிற ஒருவருக்கு என் வலது கை அவருடைய இடது கையாகத்தான் இருக்கும். கட்டை விரலுக்குக் கட்டை விரல், சுண்டு விரலுக்குச் சுண்டு விரல்.

உன் எண்களை வலது கையால் வாசித்தேன்.

அது என்னுடைய மெட்டு. பதினாலு வயதில் நானே போட்டது, முதல் மெட்டு. சுரமும் தெரியாது, எழுதவும் தெரியாது, விரல் வரிசையாகத்தான் வைத்திருந்தேன். 4க்கு அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். நஜீரிடம்கூட வாசித்துக் காட்டியதில்லை. பேட்டரி போட்டு ஒரு தடவைகூட வாசித்ததில்லை. யார் காதிலும் விழாத மெட்டு அது, என் காதிலும். நேற்றுத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.

சுமாராகத்தான் இருக்கிறது. யார் போட்டார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

இதை அவர் கேட்டிருக்கவே முடியாது. பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் பார்த்தால் இது பதியாது. நான் அதை வாசித்த ஒரு மாதமும் துண்டுக்குக் கீழே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறார். என் எதிரிலேயே, மூன்றடி தூரத்தில். நான் அந்தப் பக்கம் தலை நிமிர்ந்ததே இல்லை, நிமிர்ந்து பார்த்தால் விரல் பின்னிக்கொள்ளும். பார்க்கத்தான் உன்னை உட்கார வைத்திருந்தேன்.

அந்த ஹாலை நினைத்தாலே இப்போது குளிர்கிறது. நாம் ஒளிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்த இடத்தில் அவரும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

உன்னை ஒன்று கேட்கிறேன். மழுப்பாமல் பதில் எழுது. நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியாதா?

கோகுல்


சேக்காடு
25.8.2025

கோகுல்,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாவது, நீ ஐந்தாவது. நீ புல்லாங்குழலோடு உட்கார்ந்திருந்தாய். நைனாவின் துண்டு கொஞ்சம் விலகியது. கண் திறந்திருந்தது. நான் வளையலைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்து விரலை உதட்டின்மேல் வைத்தார். கோபமில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நைனா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கையை இறக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். நிஜமாகத் தூங்குகிற நாளும் உண்டு, தூங்காத நாளும் உண்டு. எனக்கு வித்தியாசம் தெரியும். நிஜமாகத் தூங்கினால் கீழுதடு தளர்ந்துவிடும், நடித்தால் இறுக்கமாக இருக்கும். நிஜமாகத் தூங்கி எழுகிறபோது மட்டும் டம்ளரில் தட்டினேன். நாலரை வருஷம். ராத்திரி முழுக்க மெஷினில் நின்றுவிட்டு வந்த மனுஷன், இரண்டு மணி நேரத் தூக்கத்தை விட்டுவிட்டு உன் விரலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்போது ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ நிறுத்திவிடுவாய் என்று பயம். அது நல்ல காரணம். 2013இல் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நல்ல காரணம் இல்லை. நீ "ஒரு நாளாவது பாத்துகிறியா" என்று கேட்டபோது நைனா என்னைத்தான் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் வாயால் அது வராது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறாமைடா. வேறொன்றுமில்லை. அந்த ஹாலில் மூன்று பேர் இருந்தோம். நீ கீபோர்டைப் பார்த்தாய், அவர் உன்னைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்ததைத் தவிர அவர் எனக்கென்று ஒன்றும் கொடுத்ததில்லை, அதையும் உனக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா என்று இருந்தது. போனால் போகட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் போவாய் என்று நினைக்கவில்லை.

இதை வைத்து அவரைத் தெய்வமாக்கிவிடாதே. பார்த்ததும் அவர்தான், வாத்தியங்களைத் தூக்கிக் கொடுத்ததும் அவர்தான். நீ பரீட்சைக்குப் போகவில்லை என்று தெரிந்த அன்றைக்கே டெம்போ வரவழைத்தார். கொடுத்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. இரண்டும் உண்மை, எனக்கு இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரியவில்லை.

இப்போது கஞ்சியும் இரண்டு ஸ்பூன்தான். விரல் மட்டும் நிற்கவில்லை. நீ என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. அவரை வந்து பார்.

கார்த்திகா


சேக்காடு, நம் வீட்டில்
9.9.2025, செவ்வாய்

அக்கா,

நீ வேலையிலிருந்து வரும்போது இந்தக் கடிதம் டிவிமேல் இருக்க வேண்டும், நான் போயிருக்க வேண்டும். அப்படித்தான் திட்டம். உன்னைப் பார்க்கக் கூடாது என்றே நீ இல்லாத நேரமாகப் பார்த்து வந்தேன். உன் கடிதத்துக்குப் பதிலாக நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் கெட்ட வார்த்தை இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று இப்போதும் எழுத வரவில்லை.

நேற்றே வந்துவிட்டேன். ராத்திரி நஜீர் வீட்டில் படுத்தேன். அவன் மகள் அலீனாவின் சின்னக் கீபோர்டை வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு இங்கே வந்தேன். ஞானம்மாளிடம் உன் தம்பி என்றேன். "போட்டோல ஒல்லியா கீறியே" என்றாள், ஆனால் உள்ளே விட்டாள்.

நைனா நீ எழுதிய மாதிரியே படுத்திருந்தார். பாதியாகிவிட்டார். கை மட்டும் பழைய கை. கட்டில் ஓரமாகப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். தெரியவில்லை. நைனா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ். சத்தம் போடாத" என்றார். எதிரில் இருந்த வெறும் தரையைக் காட்டினார். "புள்ள வாசிச்சிகினு கீறான். நம்ம பாக்குறது தெரிஞ்சா நிறுத்திடுவான்."

அக்கா, நான் எங்கே போவேன். என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று என்னிடமே சொல்கிறார். அவர் பார்க்கிற பையன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், நான் யாரோ வழிப்போக்கன். என்னைவிட அவன்தான் அவருக்குப் பிள்ளை. ஒரு நிமிஷம் எனக்கும் அவன் தெரிந்தான் என்று எழுதினால் நம்புவாயா? தலை குனிந்து, காது சிவந்து. அவன் நிமிரவே இல்லை.

அவரைத் தாண்டிப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். கீபோர்டின் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தேன். 1, 3, 5. கட்டில் சட்டத்தில் அவர் விரலும் கூடவே இறங்கியது. இரண்டு பேரும் கடைசி வரை போனோம், 4ஐத் தூக்கினோம். மறுபடி முதலிலிருந்து. எத்தனை தடவை என்று தெரியாது. ஞானம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், உள்ளே வரவில்லை.

நாலு மணிக்கு அவர் கை நின்றது. துண்டு கண்மேல் விழுந்திருந்தது. நான் எழுந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முக்கால்வாசி எழுதிவிட்டுக் கிளம்பலாம் என்று செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன்.

போக முடியவில்லை. மூச்சு சீராக இருக்கிறது, மூக்கின் கீழே கை வைத்துப் பார்த்தேன். ஆனால் அவர் தூங்குகிறாரா, பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. துண்டை விலக்கிப் பார்க்கத் தைரியம் இல்லை. கீழுதட்டைப் பார்த்தேன், நீ எழுதியிருந்தாயே, எனக்கு அது தளர்ந்தும் தெரிகிறது, இறுகியும் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் பாதியில் எழுந்து போகிற பிள்ளையைத்தானே பார்ப்பார், இன்னொரு தடவை.

ஆறு மணிக்கு ஞானம்மாள் போய்விடுவாள். செருப்பைக் கழற்றிவிட்டேன். இதை டிவிமேல் வைத்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாசிக்கப் போகிறேன். நீ வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்த மாட்டேன்.

வந்துவிடு அக்கா. பார்க்கத் தெரிந்தவள் நீதான்.

கோகுல்